எஸ்ஜிஓடி 148: கல்லீரல் கணக்கா, இதயக் கணக்கா?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி சுருக்கமாக இதுதான். கொளத்தூரில் இருக்கும் அப்பாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஆஞ்சியோவுக்கு முன் எடுத்த வைரல் மார்க்கரில் ஹெச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ், அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளம். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில், செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் என்சைம்களான எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 52, பிலிருபின் 1.1, ஆல்புமின் 3.3, பிளேட்லெட் 1.62 லட்சம், அழற்சியைக் காட்டும் சிஆர்பி 18. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் டிஎன்ஏ அளவு, 3,400 ஐயூ. ரிப்போர்ட்டைப் பார்த்த ஒருவர் "ஈரல் சுருங்கியிருக்கும் போல" என்று சொல்லிவிட்டார். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு. நோய் எதிர்ப்பு மார்க்கர்கள் எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொடுக்கும் ஆஸ்பிரினையோ, குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார் போன்ற இரண்டாவது மாத்திரையையோ ஒரு நாள்கூடத் தானாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது ஹெபடைடிஸ் பி-யைவிடப் பல மடங்கு வேகமாக ஆளைக் கொண்டுபோகும். கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டேடினையும் இந்த எண்களை வைத்து நிறுத்த வேண்டியதில்லை. காரணம் கீழே வருகிறது.

இனி ரிப்போர்ட். ஹெபடைடிஸ் பி-யும் இதய நோயும் ஒரே உடம்பில் இருக்கும்போது, கல்லீரல் பரிசோதனையான எல்எஃப்டியில் உள்ள பாதி எண்கள் கல்லீரலைப் பற்றியே பேசுவதில்லை. எஸ்ஜிஓடி இதயத் தசையிலும் இருக்கிறது, கை கால் தசையிலும் இருக்கிறது. ஆல்புமினைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது, ஆனால் உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் அது இறங்கும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கல்லீரலின் அளவுகோல்தான், ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் சாப்பிடுபவரிடம் அது அசிட்ரோமின் அளவுகோல். ஒவ்வொரு எண்ணையும் பார்க்கும்போது, இது கல்லீரலுடையதா, இதயத்துடையதா, மாத்திரையுடையதா, ரத்தம் எடுத்த குழாயுடையதா என்று கேட்க வேண்டும். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை.

148 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இன்று ஹார்ட் அட்டாக்கை உறுதி செய்யும் டிரோபோனின் பரிசோதனை வருவதற்கு வெகு காலம் முன்பு, 1950-களில், ஹார்ட் அட்டாக்கை ரத்தத்தில் உறுதி செய்யப் பயன்பட்டதே எஸ்ஜிஓடிதான். இதயத் தசை செத்தால் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒன்று இரண்டு நாளில் உச்சத்தைத் தொட்டு, ஐந்தாறு நாளில் பழைய இடத்துக்கு வரும். எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலில் இருப்பது, அதனால் அது அவ்வளவாக அசையாது. எஸ்ஜிஓடி மூன்று மடங்கு, எஸ்ஜிபிடி லேசான ஏற்றம், பிலிருபின் இயல்பு: மூன்றாம் நாளில் இப்படி வந்தால் அது பெரும்பாலும் இதயத்தின் கையெழுத்து. தசை என்சைமான சிபிகே-யும் கூடவே ஏறியிருந்தால் சந்தேகமே இல்லை.

"ஈரல் சுருக்கம்" என்ற பேச்சு எப்படிக் கிளம்பியது என்பதும் இந்த எண்ணிலேயே இருக்கிறது. கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று ஊசி குத்தாமல் கணிக்க ஏப்ரி என்று ஒரு கணக்கு உண்டு. எஸ்ஜிஓடியை லேபின் மேல் எல்லையால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, ஆயிரக்கணக்கில் எழுதிய பிளேட்லெட்டால் வகுக்க வேண்டும். 148-ஐ 40-ஆல் வகுத்தால் 3.7. நூறால் பெருக்கினால் 370. அதை 162-ஆல் வகுத்தால் 2.28. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் 0.5-க்கு மேல் போனால் குறிப்பிடத்தக்க தழும்பு, 1-க்கு மேல் போனால் சிரோசிஸ் (ஈரல் சுருக்கம்) என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2.28 என்றால் கேட்கவே வேண்டாம். ஃபிப்-4 என்ற இன்னொரு கணக்கும் இதே கதைதான்: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதை பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 58 × 148 = 8,584. 52-இன் வர்க்கமூலம் 7.2, 162-ஆல் பெருக்கினால் சுமார் 1,168. வகுத்தால் 7.3. 3.25-க்கு மேல் என்றாலே முற்றிய தழும்பு என்பார்கள்.

இப்போது ஆறு வாரம் கழித்து அதே மனிதருக்கு எஸ்ஜிஓடி 34, எஸ்ஜிபிடி 38, பிளேட்லெட் 1.95 லட்சம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏப்ரி 0.44. ஃபிப்-4 1.64. அதாவது ஒரு கணக்கில் தழும்பு இல்லை, மற்றொன்றில் 1.45-க்கும் 3.25-க்கும் நடுவே, சொல்ல முடியாத இடத்தில். சிரோசிஸ் என்ற பேச்சே எழாது. கல்லீரல் மாறவில்லை, கணக்குக்குள் புகுந்திருந்த இதயத்தின் எஸ்ஜிஓடி வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஹார்ட் அட்டாக், பைபாஸ், மின் அதிர்ச்சி கொடுத்தது, எதுவானாலும் ஆறு வாரம் தாண்டாமல் இந்த இரண்டு கணக்கையும் போடாதீர்கள். போட்டவரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்டின் மற்ற எண்களுக்கும் இதே கதிதான். சிஆர்பி ஹார்ட் அட்டாக்கில் இரண்டு முதல் நான்கு நாளில் உச்சத்தில் இருக்கும். 18 என்பது செத்த தசையைச் சுத்தம் செய்யும் வேலையின் சத்தம். ஆல்புமின் 3.3 என்பதற்கும் அந்த அழற்சியும் டிரிப்ஸில் ஏறிய திரவமும் போதுமான காரணம். எல்டிஎல் கொலஸ்ட்ரால் அட்டாக் வந்து ஒரு நாள் கழிந்தாலே இறங்கத் தொடங்கி, சில வாரம் கீழேயே கிடக்கும். "அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் 82தான், அப்புறம் எதற்கு மாத்திரை" என்ற வாதம் இங்கேதான் பிறக்கிறது. ஹெப்பாரின் ஊசியும் இரண்டு எஸ்ஜி எண்களையும் லேசாக ஏற்றும், ஊசி நின்றதும் தானாக இறங்கும்.

பிளேட்லெட் 1.62 லட்சம் இயல்புக்குள்தான். ஆனால் ஹெப்பாரின் ஓடியவருக்கு இது தனியாகக் கவனிக்க வேண்டிய எண். ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் பிளேட்லெட் பாதியாக விழுந்தால் ஈரலின் மேல் பழி போடாமல் ஹெப்பாரின் ஒவ்வாமையைத் தேட வேண்டும். அது ரத்தம் கசியவிடும் நோயல்ல, உறையவைக்கும் நோய். சிரோசிஸால் வரும் குறைவு வருடக் கணக்கில் மெல்ல வரும். பழைய ரிப்போர்ட் ஒன்று கிடைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சர்க்கரைக்காக ஐந்து வருடம் முன்பு எடுத்த சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எங்காவது ஃபைலில் இருக்கும், தேடுங்கள்.

அடுத்து வைரஸின் பக்கம். ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்கு முன் எடுக்கும் பரிசோதனை பல இடங்களில் கார்டு டெஸ்ட். அதை எலைசாவிலோ கீமிலூமினசென்ஸ் மெஷினிலோ மறுபடி பார்த்து உறுதி செய்வது முறை. உங்கள் அப்பாவுக்கு டிஎன்ஏவே 3,400 வந்துவிட்டதால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஹெச்பிஎஸ்ஏஜி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட தொற்று என்பது இலக்கணம். ஆறு மாதம் காத்திருக்காமல் இப்போதே ஒரு துப்பு வேண்டுமென்றால் புதுத் தொற்றில் தோன்றும் ஆன்டிபாடியான ஐஜிஎம் ஆன்டி-ஹெச்பிசி எடுக்கலாம். அது நெகட்டிவாக இருந்து, மொத்த ஆன்டி-ஹெச்பிசி பாசிட்டிவாக இருந்தால் தொற்று பழையது. நம் ஊரில் 58 வயதில் தற்செயலாகத் தெரியவரும் தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்தது.

ஹெச்பிஇஏஜி என்ற இ-ஆன்டிஜென், அதற்கு எதிரான ஆன்டி-ஹெச்பிஇ இரண்டும் ஒரு தடவை எடுக்க வேண்டும். இங்கே ஒரு தப்பான நிம்மதி உண்டு. "இ-ஆன்டிஜென் நெகட்டிவ், அதனால் வைரஸ் வீரியமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆன்டிஜெனைத் தயாரிக்காமலே பெருகும் திரிபு வைரஸ் இந்தியாவில் சாதாரணம். எனவே இ நெகட்டிவாக இருந்தாலும் டிஎன்ஏ எண்தான் பேச வேண்டும். கையில் காசு இருந்தால் ஹெச்பிஎஸ்ஏஜி அளவையும் ஐயூவில் எடுத்துக்கொள்ளலாம். டிஎன்ஏ 2,000-க்குக் கீழே, ஹெச்பிஎஸ்ஏஜி 1,000-க்குக் கீழே, எஸ்ஜிபிடி இயல்பு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் வைரஸ் தூங்குகிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஹெபடைடிஸ் சி-க்கான ஹெச்சிவி, ஹெச்ஐவி இரண்டும் ஏற்கனவே எடுத்திருப்பார்கள்; ஹெச்ஐவி முடிவைப் பார்க்காமல் ஹெபடைடிஸ் பி மாத்திரைகளான டெனோஃபோவிரோ என்டெகாவிரோ தனியாகத் தொடங்கவே கூடாது. ஹெச்ஐவி இருந்து தெரியாமல் ஒற்றை மருந்து கொடுத்தால் அந்த வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும்.

வைரல் லோடைப் படிப்பதில் ஒரு சின்ன விஷயம். சில லேப் ஐயூவில் தரும், சில காப்பியில் தரும். ஒரு ஐயூ சுமார் 5.6 காப்பி. 3,400 ஐயூ என்பதும் 19,000 காப்பி என்பதும் ஒன்றே. போன முறை 3,400, இந்த முறை 19,000 என்று பதறிப்போய் ஓடிவருபவர்கள் யூனிட்டைப் பார்ப்பதில்லை. ஒரே லேபில் எடுத்தாலும் மூன்று மடங்கு வரையிலான ஏற்ற இறக்கம் பரிசோதனையின் இயல்பான தள்ளாட்டம்தான். 3,400 ஆறாயிரமானால் அது ஏற்றமல்ல.

மருந்து வேண்டுமா? இங்கே எஸ்ஜிபிடியின் எல்லையே தகராறு. லேப் ரிப்போர்ட்டில் 40 அல்லது 45 என்று அச்சடித்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று எடுத்துக்கொண்டது. டிஎன்ஏ 2,000-க்கு மேல் இருந்து எஸ்ஜிபிடி அந்த எல்லையைத் தாண்டினால் மருந்து கொடுக்கலாம் என்கிறது. சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் ஆகியவையும் மருந்து தொடங்கக் காரணங்களாக அதில் உண்டு. பழைய அமெரிக்க முறைப்படி பார்த்தால் எஸ்ஜிபிடி 70 தாண்டும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். என் பார்வையில், சர்க்கரையும் இதய நோயும் உள்ள 58 வயதுக்காரருக்கு 3,400 டிஎன்ஏ இருந்தால், ஆறு வாரம் கழித்து எடுக்கும் எஸ்ஜிபிடி 38 என்றாலும், காத்திருப்பதைவிட மருந்து தொடங்குவதே பொருத்தம். பின்னால் இவருக்கு பைபாஸோ ஸ்டீராய்டோ தேவைப்படும் நாள் வந்தால், அன்று வைரஸ் அடங்கிக் கிடக்க வேண்டும். முடிவு கல்லீரல் மருத்துவருடையது.

எந்த மருந்து என்பதில் இதயப் பக்கம் நுழைகிறது. டெனோஃபோவிர் டிஎஃப் 300 மில்லிகிராம் மலிவானது, நல்லது, கொஞ்சம் எல்டிஎல்லைக்கூடக் குறைக்கும். ஆனால் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஆஞ்சியோவில் ஏற்றிய சாயமும் சிறுநீரகத்தைத்தான் சீண்டும். எனவே ஆஞ்சியோ முடிந்து 48 முதல் 72 மணி நேரத்தில் கிரியாட்டினின் பார்த்து, அது நிலைத்த பிறகு தொடங்குவது நல்லது. டெனோஃபோவிர் ஏஎஃப் 25 மில்லிகிராம் சிறுநீரகத்துக்கு மென்மையானது, ஆனால் டிஎஃப்பிலிருந்து இதற்கு மாற்றினால் எல்டிஎல்லும் எடையும் சற்று ஏறலாம். மாற்றிய மூன்றாம் மாதம் லிபிட் ப்ரொஃபைல் பார்க்காமல் "ஸ்டேடின் வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. என்டெகாவிர் 0.5 மில்லிகிராம் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன். ராத்திரி படுக்கும்போது என்று வைத்துக்கொண்டால், காலையில் சாப்பிடும் பத்து இதய மாத்திரைகளோடு குழம்பாது. இன்டர்ஃபெரான் ஊசி இதய நோயாளிக்கு வேண்டாம். இதயத் தசை அழற்சி, படபடப்பு, ரத்த ஓட்டக் குறைவு எல்லாம் அதன் பக்கவிளைவுகளில் உண்டு.

டெனோஃபோவிர் சிறுநீரகக் குழாய்களைப் பாதித்தால் தெரியும் ஒரு முக்கிய அடையாளம், ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை போவது. பாடப்புத்தகம் இதைத்தான் சொல்கிறது. ஆனால் இப்போது இதய பலவீனம் உள்ளவர்களுக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையின் வேலையே சிறுநீரில் சர்க்கரையை இறக்குவதுதான். அதைச் சாப்பிடுபவரின் யூரின் ரிப்போர்ட்டில் சர்க்கரை மூன்று பிளஸ் வந்தால் டெனோஃபோவிரைக் குற்றம் சொல்லவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. அப்போது பார்க்க வேண்டியது ரத்தத்தில் பாஸ்பேட், பைகார்பனேட், சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம். பாஸ்பேட் தொடர்ந்து இறங்கினால் மருந்தை மாற்றப் பேச வேண்டும்.

ஸ்டேடினுக்கு வருவோம். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு, கல்லீரல் கைவிடாத வரை, அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் பாதுகாப்பானவை. தொடங்கும் முன் ஒரு எஸ்ஜிபிடி, ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் இன்னொன்று. மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டி, மறுபடி எடுத்தாலும் அங்கேயே நின்றால்தான் நிறுத்துவதைப் பற்றி யோசனை. அப்போதும் முதலில் டிஎன்ஏ பாருங்கள், வைரஸ் கிளம்பியிருக்கலாம். எஸ்ஜிஓடி மட்டும் ஏறி எஸ்ஜிபிடி பின்தங்கினால் சிபிகே பாருங்கள், தசைப் பாதிப்பாக இருக்கலாம். வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை, குழப்பம் என்று கல்லீரல் கைவிட்ட நிலையில்தான் ஸ்டேடின் ஆபத்து. அந்த நிலையில் டிகாக்ரெலாரும் கூடாது, நெஞ்சுவலி மருந்தான ரேனோலசினும் கூடாது. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் தானே கல்லீரலைப் பாதிக்கும் மருந்து, அது ஓடும்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எல்எஃப்டி கட்டாயம். ஆஸ்பிரினைப் பற்றி ஒரு வார்த்தை: தைவானிலும் ஸ்வீடனிலும் பெரிய பதிவேடுகளை அலசியபோது, வைரஸ் ஹெபடைடிஸ் உள்ளவர்களில் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் புற்று குறைவாகவே காணப்பட்டது. அதற்காக ஆஸ்பிரின் தொடங்கச் சொல்ல மாட்டேன், இதயத்துக்காக ஏற்கனவே சாப்பிடுபவர் ஈரலை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்கிறேன். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போனால் மட்டும் இரண்டு மருத்துவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

வால்வு மாற்றியவர்கள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (தாறுமாறான இதயத் துடிப்பு) உள்ளவர்கள் அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுவார்கள். அவர்களின் ஐஎன்ஆர் 2.5 என்பது சிகிச்சையின் இலக்கு. அதே எண்ணை ஈரல் நோயின் கடுமையை அளக்கும் மெல்ட், சைல்ட்-பக் கணக்குகளில் போட்டால் நல்ல ஈரலும் மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் ஈரலாகிவிடும். பிலிருபின், ஆல்புமின், ஸ்கேன், இவற்றை வைத்துத்தான் அவர்களைப் பார்க்க வேண்டும். மறுபக்கம், டோஸை மாற்றாமலே ஐஎன்ஆர் திடீரென்று 2.5-இலிருந்து 5 ஆகிறது என்றால், உணவு, ஆன்டிபயாடிக் எல்லாம் விசாரித்த பிறகு ஒரு எஸ்ஜிபிடி போட்டுப் பாருங்கள். ஹெபடைடிஸ் கிளம்புவதை ஐஎன்ஆர் முதலில் காட்டிக்கொடுப்பது உண்டு.

இதய பலவீனம் தனி அத்தியாயம். இதயம் இறைக்காமல் ரத்தம் பின்னுக்குத் தேங்கினால் கல்லீரல் வீங்கும். பிலிருபின், ஜிஜிடி, அல்கலைன் பாஸ்பட்டேஸ் மூன்றும் லேசாக ஏறும், எஸ்ஜிபிடி பெரும்பாலும் அடங்கியே இருக்கும். இந்த நிலையில் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் எண் பொய் சொல்லும். அந்த மெஷின் அளப்பது ஈரலின் விறைப்பை. 7 கிலோபாஸ்கலுக்கு மேல் தழும்பு, 12.5-க்கு மேல் சிரோசிஸ் என்பது பொதுக்கணக்கு. ரத்தம் தேங்கிய ஈரல் தழும்பே இல்லாமல் 15, 20 என்று காட்டும். கால் வீக்கம் வற்றி, எடை இறங்கி, எக்கோவில் கீழ்ப்பெருஞ்சிரை சுருங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும், அதுவும் மூன்று மணி நேரம் சாப்பிடாமல். இதய பலவீனத்தைக் கண்டுபிடிக்க எடுக்கும் என்டி-ப்ரோபிஎன்பி தலைகீழாக ஏமாற்றும்: சிரோசிஸ் இருந்தாலே அது ஏறும். எனவே ஒற்றை எண்ணைவிட, அவருடைய சொந்த எண் எப்படி நகர்கிறது என்பதற்கே மதிப்பு.

எஸ்ஜிபிடி திடீரென்று ஆயிரங்களில் வந்தால்? இதயம் தளர்ந்து பிபி விழுந்தபின் வருவது ஆக்சிஜன் பஞ்சத்தால் வரும் ஈரல் பாதிப்பு: செல் உடைந்தால் ஏறும் இன்னொரு என்சைமான எல்டிஹெச்சும் மிக உயரத்தில் இருக்கும், எஸ்ஜிஓடி முதலில் ஏறும், பிபி சரியானால் தினமும் ஏறக்குறைய பாதிப்பாதியாக இறங்கும். வைரஸ் கிளம்பினால் எண்கள் வாரக்கணக்கில் ஏறி வாரக்கணக்கில் இறங்கும், எல்டிஹெச் அவ்வளவு ஏறாது, டிஎன்ஏ முன்னதைவிடப் பத்து மடங்காவது கூடியிருக்கும். இரண்டையும் பிரிக்க மூன்று நாள் தொடர்ந்து எல்எஃப்டி எடுத்தாலே போதும். ஆனால் முதல் நாளே டிஎன்ஏவுக்கு ரத்தம் எடுத்து வைத்துவிட வேண்டும்.

வைரஸ் கிளம்ப மிகச் சாதாரணமான காரணம், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டெனோஃபோவிர் விட்டுப்போவது. பைபாஸுக்குச் சேர்த்த அன்று வீட்டு மாத்திரைகளை வாங்கி வைத்துவிட்டுப் புது சார்ட் எழுதுவார்கள். அதில் இதய மருந்து, சர்க்கரை மருந்து எல்லாம் ஏறும், இது ஏறாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இருக்காது. வீட்டில் "டாக்டர் நிறுத்திவிட்டார்" என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று மாதத்தில் காமாலை. எனவே ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே சார்ட்டில் அந்தப் பெயரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு காரணம் ஸ்டீராய்டு. ஒரு நாளைக்கு பிரெட்னிசலோன் 20 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு மேல் என்றால் தடுப்பு மருந்து இல்லாமல் தொடங்கக் கூடாது. இதய மாற்று அறுவைக்குப் பதிவு செய்பவர்களில் ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆனவர்களுக்கும் ஆன்டி-ஹெச்பிசி பார்ப்பது இதனால்தான். பழைய தொற்றும் நோய் எதிர்ப்பை அடக்கினால் எழும்.

நோய் எதிர்ப்பு மார்க்கர் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். "இம்யூனிட்டி ப்ரொஃபைல்" என்று பேக்கேஜ் விற்கிறார்கள்; சிடி4, சிடி8, இன்டர்லூக்கின்-6, என்கே செல் என்று நீண்ட பட்டியல். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யில் வைரஸை எதிர்க்கும் டி செல்கள் களைத்துப்போவது உண்மை, ஆராய்ச்சியில் அது பெரிய விஷயம். ஆனால் இவற்றில் எந்த எண் வந்தாலும் உங்கள் அப்பாவின் மருந்துச் சீட்டில் ஒரு வரியும் மாறாது. நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுக்கும் விகிதமும் அப்படித்தான்: சிபிசியிலிருந்து ஓசியில் கிடைக்கும், அட்டாக்கிலும் ஏறும், சளிப் பிடித்தாலும் ஏறும். காசு செலவழிக்க வேண்டிய எதிர்ப்பு மார்க்கர்கள் மேலே சொன்ன ஹெச்பிவி சார்ந்தவை மட்டுமே. ஹை சென்சிடிவ் சிஆர்பி எடுப்பதானால் உடம்பு சரியாக இருக்கும்போது, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. 10-க்கு மேல் வந்தால் அந்த எண்ணை எறிந்துவிட்டு மறுபடி எடுங்கள். முற்றிய சிரோசிஸில் சிஆர்பியைத் தயாரிக்கும் ஈரலே நொடித்துப்போயிருப்பதால், குறைந்த எண்ணை நல்ல எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஹெபடைடிஸ் பி ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் ஒட்டிக்கொண்டு நடுத்தர ரத்தக் குழாய்களில் படிந்து புண்ணாக்கும் பாலிஆர்ட்டெரைடிஸ் நொடோசா என்ற நோய் உண்டு. அரிது. ஆனால் இதயக் குழாய்களையும் தொடும். காய்ச்சல், எடை குறைதல், புதிதாக ஏறிய பிபி, பாதம் தொங்கிப்போவது, சாப்பிட்டதும் வயிற்று வலி, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து, அழற்சியின் இன்னொரு அளவான ஈஎஸ்ஆர் மிக உயர்ந்திருந்தால் நினைத்துப் பார்க்க வேண்டும். ரத்தக் குழாய் அழற்சிக்கு எடுக்கும் ஆன்கா பரிசோதனை இதில் வழக்கமாக நெகட்டிவ்தான், அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லக் கூடாது. உங்கள் அப்பாவின் கதையில் இதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

ரத்தம் எடுக்கும் குழாயும் கவனிக்க வேண்டியது. டிஎன்ஏவுக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாய். ஹெப்பாரின் கலந்த ரத்தம், டிஎன்ஏவை அளக்கும் பிசிஆர் முறையைத் தடுக்கும், இருக்கும் வைரஸைக் காட்டாது. ஐஎன்ஆருக்கு நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிறைய வேண்டும். பாதி நிரம்பினால் ஐஎன்ஆர் பொய்யாக ஏறும். வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தம் சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் மூன்று மணி நேரம் சுற்றினால் சிவப்பணு உடைந்து எஸ்ஜிஓடி, எல்டிஹெச், பொட்டாசியம் மூன்றும் கூடும். ரிப்போர்ட்டின் கீழே "ஹீமோலைஸ்டு" என்று சின்னதாக அடித்திருப்பார்கள், அந்த வரியைப் படியுங்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை இன்னும் மோசம். பயோட்டின் முறையில் இயங்கும் மெஷின்களில் டிரோபோனினையும் ஹெச்பிஎஸ்ஏஜியையும் அது குறைத்துக் காட்டும். டிரோபோனின் இப்படிக் குறைந்து காட்டியதால் ஏற்பட்ட ஒரு மரணத்தைக் குறிப்பிட்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரிக்கை விட்டது. ரத்தம் கொடுக்க மூன்று நாள் முன்பே நிறுத்திவிடச் சொல்லுங்கள். அவசரத்தில் நிறுத்த நேரமில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கீழாநெல்லியைச் சும்மா சிரித்து ஒதுக்க முடியாது, அதற்குச் சென்னையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கு டெனோஃபோவிர் செய்யும் வேலையைக் கீழாநெல்லி செய்யும் என்று சொல்ல ஆதாரமில்லை. ஸ்டென்ட் வைத்த புதிதில் பதினோரு மாத்திரையோடு பன்னிரண்டாவதாக ஒரு சாற்றைச் சேர்த்தால், எஸ்ஜிபிடி ஏறும்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல் போகும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், சூரணம் அதைவிட மோசம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இப்போது ஐஜிஎம், மொத்த ஆன்டி-ஹெச்பிசி, இ-ஆன்டிஜென், கிரியாட்டினின். ஆறு வாரத்தில் எல்எஃப்டி, சிபிசி, சிபிகே, லிபிட், வயிற்று ஸ்கேன், வீக்கம் இல்லையென்றால் ஃபைப்ரோஸ்கேன். எல்டிஎல் இலக்கு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே. மருந்து தொடங்கினால் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் டிஎன்ஏ. தொடங்காவிட்டால் எஸ்ஜிபிடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டிஎன்ஏ ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நாற்பது தாண்டிய ஆண் என்பதால் மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கல்லீரல் புற்றைத் தேட ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் உண்டு. வெளியில் டிஎன்ஏ எடுக்கக் காசு அதிகம். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ கல்லீரல், இரைப்பை குடல் பிரிவுகளில் விசாரியுங்கள். இதயப் பிரிவும் அதே வளாகத்தில் இருப்பதால் இரண்டு ஃபைலையும் ஒன்றாகக் காட்ட முடியும் என்பது பெரிய வசதி.

அம்மாவுக்கும் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஹெச்பிஎஸ்ஏஜி, பாதுகாப்பு இருப்பதைக் காட்டும் ஆன்டி-ஹெச்பிஎஸ், ஆன்டி-ஹெச்பிசி மூன்றும் இந்த வாரமே எடுங்கள். அப்பாவின் அண்ணன் தம்பிகளையும் எடுக்கச் சொல்லுங்கள், குழந்தையில் வந்த தொற்று என்றால் அவர்களுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். ரத்தம் கொடுத்த பிறகுதான் ஊசி போட வேண்டும். ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தால் ஊசியில் உள்ள ஆன்டிஜெனே ஹெச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ் என்று காட்டிவிடும். கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்டி-ஹெச்பிஎஸ் 10-க்கு மேல் வந்ததா என்று பாருங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. அப்பாவின் சேவிங் பிளேடையும், சர்க்கரை பார்க்கும் ஊசியையும், குளுக்கோமீட்டரோடு வரும் குத்தும் பேனாவையும் வீட்டில் இன்னொருவர் தொடக் கூடாது.